போனில் பறிக்கும் கைக்காசு

சென்ற மாதம் ஒரு திங்கட்கிழமை காலை, 31 வருஷம் கூடை சுமந்து ஓய்வுபெற்ற ஓர் அம்மா, பேரனைக் கூட்டிக்கொண்டு நமது மாவட்டக் காரியாலயத்துக்கு வந்தார். வழக்கமாக நம்மிடம் வருகிறவர்கள் சம்பளச் சீட்டையோ சேமலாப நிதிக் கடிதத்தையோ கொண்டுவருவார்கள். இந்த அம்மா கைக்குட்டையில் சுற்றிய ஒரு போனைக் கொண்டுவந்தார். அதை மேசையில் வைத்துவிட்டு, "தலைவரே, இதுக்குள்ள என் காசு இருக்குன்னு சொல்றானுங்க. எடுத்துத் தர முடியுமா?" என்று கேட்டார்.

போனைத் திறந்து பார்த்தோம். 6 இலட்சத்துச் சொச்சம் ரூபா மீதி இருப்பதாக ஒரு செயலி பச்சை எழுத்தில் காட்டியது. அந்த அம்மா அதில் போட்டது 385,000 ரூபா. ஊழியர் சேமலாப நிதியில் இருந்து வந்த பணத்தில் லயத்துக் கூரைத் தகரம் மாற்றியது போக மிஞ்சியதெல்லாம் அதுதான். பச்சை எழுத்தில் தெரிந்த 6 இலட்சம் எங்கும் இல்லாத பணம். அதை அந்த அம்மாவிடம் சொல்ல நமக்கு அரை மணி நேரம் பிடித்தது. பேரன் தலை நிமிரவே இல்லை. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கும் பிள்ளை அவன்.

தோட்டத்தின் பெயரையும் குடும்பத்தின் பெயரையும் நாம் இங்கே போடவில்லை. போடவேண்டாம் என்று அந்த அம்மா கேட்டுக்கொண்டார். ஆனால் நடந்ததை எழுதச் சொன்னார். அதனால் இந்த மாத ஆசிரியர் தலையங்கத்தைச் சம்பளப் பேச்சுவார்த்தைக்கு ஒதுக்காமல் இதற்கு ஒதுக்குகிறோம். சம்பளப் பேச்சுக்கும் இதற்கும் தொடர்பு இல்லாமலும் இல்லை.

2021 மார்ச்சில் நாட்சம்பளம் 1000 ரூபா ஆனது. 2024 செப்டெம்பரில் அது 1350 ரூபா என்று வர்த்தமானியில் வந்தது. அதில் 8 வீதம் சேமலாப நிதிக்குக் கழிந்தால் 108 ரூபா போய்விடும். கேட்ட கிலோ வராத நாளில் அரைப்பேர். மழைக்காலத்தில் வேலை நாள் குறையும். கடைக் கடன், பிள்ளைகளின் பஸ் காசு, அடகுக் கடை வட்டி எதுவும் அரைப்பேருக்கு ஏற்றபடி குறைந்துவிடுவதில்லை. இந்த இடைவெளியை அடைக்க முன்பு பின்னேரத்திலும் ஞாயிற்றுக்கிழமையிலும் கைக்காசுக்குப் போனோம், மரக்கறித் தோட்டம் போட்டோம், மாடு வளர்த்தோம். இப்போது வீட்டில் ஒரு போன் இருக்கிறது. கொரோனா காலத்தில் பள்ளிக்கூடம் மூடியபோது, பிள்ளையின் படிப்புக்காகத் தோட்டை அடகு வைத்து வாங்கிய போன். சிக்னல் தேடி மலை உச்சிக்கு ஏறிப் படித்த அதே பிள்ளைகள்தான் இன்று அதில் காசு தேடுகிறார்கள். தேடுவது குற்றமல்ல. "போனை நோண்டிக்கிட்டு இருக்கான்" என்று வைகிற பெற்றோருக்கும் இதைச் சொல்லிவைக்கிறோம். வீட்டுக்கு நூறு இருநூறு கொண்டுவர வேண்டும் என்ற எண்ணத்தில் தொடங்கிய பிள்ளைகள்தான் நாம் கண்டவர்களில் அதிகம்.

போனில் காசு தருவதாகச் சொல்வது எல்லாமே மோசடி என்று சொன்னால் அது பொய்யாகிவிடும். உண்மையாகவே காசு தரும் செயலிகள் இருக்கின்றன. ஒரு கம்பனிக்குத் தன் சவர்க்காரத்தை யார் வாங்குகிறார்கள், எந்த விளம்பரம் மனதில் நிற்கிறது என்று தெரிய வேண்டும். அதை விசாரித்துச் சொல்ல இன்னொரு கம்பனி இருக்கிறது. அது செயலி வழியாக உலகம் முழுவதும் ஆட்களிடம் கேள்வி கேட்கிறது, பதிலுக்குச் சில சதம் கொடுக்கிறது. சர்வே என்கிறார்கள். விளம்பரம் பார்த்தால், விளையாட்டுச் செயலியை இறக்கிப் பத்து நாள் விளையாடினால் புள்ளி கொடுப்பதும் உண்டு. புள்ளி சேர்ந்தால் காசு.

இதை நாம் தொழிற்சங்கக் கண்ணோடுதான் பார்க்க வேண்டும். இது வேலை. பீஸ் ரேட் வேலை. அதாவது, கொழுந்து நிறுப்பது மாதிரியான வேலை. அப்படியானால் நாம் கேட்கவேண்டிய கேள்வியும் பழைய கேள்விதான்: தராசு யார் கையில் இருக்கிறது?

நம் மலைகளில் கூடைக்கு, சாக்குக்கு, தண்ணீருக்கு என்று கிலோ கழிப்பதை எதிர்த்து எத்தனை தோட்டங்களில் வேலைநிறுத்தம் செய்திருக்கிறோம். தராசில் அரச முத்திரை இருக்கிறதா என்று பார்க்க அளவீட்டு அலகுகள் திணைக்களத்துக்கு எழுதியிருக்கிறோம். அந்தத் தராசு குறைந்தபட்சம் கண்ணுக்குத் தெரியும். முள் எங்கே நிற்கிறது என்று கொழுந்து மடுவத்தில் நின்று பார்க்கலாம், கணக்கப்பிள்ளையிடம் சண்டை போடலாம். செயலியின் தராசை யாரும் கண்டதில்லை. வயது என்ன, ஊர் எது, கார் இருக்கிறதா, வீட்டில் எத்தனை பேர் என்று பத்து நிமிஷம் கேள்வி கேட்டுவிட்டு, "மன்னிக்கவும், இந்தக் கருத்துக்கணிப்புக்கு நீங்கள் பொருத்தமானவர் அல்ல" என்று வெளியே தள்ளிவிடும். சொன்ன பதிலெல்லாம் அங்கேயே தங்கிவிடும். கூலி இல்லை. கொழுந்தை வாங்கிக்கொண்டு பேர் போடாமல் அனுப்புவது என்றால் இதுதான்.

நமது வாலிபர் குழுவில் உள்ள ஒரு தம்பியிடம் ஒரு மாதம் கணக்கு எழுதி வைக்கச் சொன்னோம். இராத்திரி எட்டு மணிக்கு மேல்தான் உட்காருவார். மாத முடிவில் அவர் செயலியில் சேர்ந்திருந்தது 1 டொலர் 80 சதம். டொலர் ஏறக்குறைய 300 ரூபா என்று வைத்தால் 540 ரூபா. அரைப்பேருக்கும் குறைவு. அதைக்கூட எடுக்க முடியவில்லை, ஏனென்றால் 5 டொலர் சேர்ந்தால்தான் கொடுப்பார்களாம். அந்த மாதம் அவர் போனுக்குப் போட்ட ரீலோட் 540 ரூபாவை விட அதிகம். அவர் கணக்கை நம்மிடம் கொடுத்துவிட்டுச் சிரித்தார். நமக்குச் சிரிப்பு வரவில்லை.

இது தோட்டத்துப் பிள்ளைக்கு இங்கிலீஷ் போதாது என்பதால் வந்த வினை அல்ல. அமேசன் கம்பனி 2005இல் தொடங்கிய மெக்கானிக்கல் டர்க் என்ற சிறுவேலைச் சந்தையை ஆராய்ந்தவர்கள், அதில் வேலை செய்கிறவர்களின் நடுத்தர வருமானம் மணிக்கு ஏறக்குறைய 2 டொலர்தான் என்று 2018இல் கண்டார்கள். அமெரிக்காவில் சட்டம் சொல்லும் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7 டொலர் 25 சதம். அங்கே உள்ளவர்களுக்கே அப்படி என்றால், சர்வேயும் அரிதாக வரும் நாட்டில் இருக்கும் நமக்கு எப்படி இருக்கும்? பொருள் விற்கிறவனுக்கு வாங்கும் சக்தி உள்ளவனின் கருத்துத்தான் வேண்டும். லயத்தில் இருப்பவரின் கருத்துக்கு அவன் விலை போடுவதே குறைவு.

சேர்ந்த காசு கைக்கு வருவதிலும் முடிச்சு இருக்கிறது. இப்படியான செயலிகள் பல பேபால் வழியாகத்தான் கொடுக்கின்றன. நீண்ட காலமாகவே இலங்கையில் பேபால் கணக்கு வைத்திருப்பவர் காசு கட்டலாம், காசு வாங்க முடியாது. கூகுளின் கருத்துக்கணிப்புச் செயலி அண்ட்ராய்டு போன்களில் காசாகத் தருவதில்லை, பிளே ஸ்டோரில் செலவழிக்கும் வரவாகத்தான் தருகிறது. அதைக் கொண்டு ஒரு கிலோ மாவு வாங்க முடியாது. தோட்டக் கடையில் மட்டும் செல்லுபடியான பற்றுச் சீட்டை நம் முன்னோர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

ஆக, உண்மையான செயலி நம்மிடமிருந்து எடுப்பது நேரத்தையும் டேட்டாவையும் நம்மைப் பற்றிய விபரங்களையும். கொடுப்பது சில்லறை. பொழுதுபோக்காக யாராவது செய்தால் நாம் தடுக்கப்போவதில்லை. ஆனால் அந்தச் சில்லறையைப் பார்த்துச் சலித்துப்போன பிள்ளையிடம்தான் அடுத்த ஆள் வருகிறான்.

அந்த அம்மாவின் வீட்டில் நடந்ததும் அதுதான். பேரன் இரண்டு மாதம் சர்வே செய்து அலுத்திருந்தான். ஒருநாள் வட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. யூடியூப் வீடியோவுக்கு லைக் போட்டுப் படம் பிடித்து அனுப்பினால் ஒன்றுக்கு 150 ரூபா. மூன்று போட்டான். 450 ரூபா உண்மையாகவே வந்தது. இந்த 450 ரூபாவை எல்லோரும் நன்றாகக் கவனிக்க வேண்டும். தூண்டிலில் மாட்டும் புழுவுக்கு மீன்காரன் கணக்குப் பார்ப்பதில்லை. "அம்மாயி, காசு வந்துருச்சு" என்று அவன் ஓடிவந்து காட்டினான். அன்றைக்கு அந்தக் காசில் மீன் டின் வாங்கிச் சமைத்தார்களாம்.

பிறகு டெலிகிராமில் ஒரு குழுவில் சேர்த்தார்கள். அதில் முப்பது நாற்பது பேர் தினமும் வங்கிச் சீட்டுப் போட்டு "எனக்கு இன்று வந்தது" என்று எழுதினார்கள். அவர்களில் பெரும்பாலானோர் மோசடிக்காரரின் ஆட்கள்தான். ஒரே ஆளே பத்துப் பெயரில் எழுதுவதும் உண்டு. அடுத்ததாக "முற்பண வேலை" வந்தது. 5,000 கட்டினால் 6,500 தருவோம். கட்டினான், வந்தது. 20,000 கட்டினான், செயலியில் 27,000 காட்டியது, ஆனால் எடுக்க முடியவில்லை. "தொகுதி வேலையில் ஒன்றைப் பிழையாகச் செய்துவிட்டீர்கள், கணக்கு முடக்கப்பட்டது, திறக்க 60,000 கட்டுங்கள்." அந்தக் கட்டத்தில்தான் பேரன் அம்மாயியிடம் கேட்டான். முன்பு கட்டிய 20,000 போய்விடுமே என்ற பயத்தில் 60,000. அந்த 60,000 போய்விடுமே என்ற பயத்தில் ஓர் இலட்சம். கடைசியாக வரி என்று ஒரு தொகை. கேட்டவர்கள் ஒருநாளும் மிரட்டவில்லை. "அம்மா" என்றும் "தம்பி" என்றும் மரியாதையாகத்தான் பேசினார்கள். இந்தக் கடைசிச் செய்தியை அந்த அம்மா இரண்டு தடவை சொன்னார்.

அந்த அம்மாவை ஏமாளி என்று யாரும் சொல்லவேண்டாம். கொடுத்த கடனை மீட்க மேலும் கடன் வாங்க வைப்பது நம்முடைய சரித்திரத்திலேயே இருக்கும் வித்தை. கங்காணியிடம் பட்ட முற்பணத்தைத் துண்டில் எழுதி, அந்தக் கடனோடு ஆளையே தோட்டம் விட்டுத் தோட்டம் மாற்றினார்கள். 1921இல் சட்டம் போட்டுத்தான் துண்டு முறையை ஒழிக்க வேண்டியிருந்தது. அன்று ஏமாந்தவர்களும் உழைக்க வந்தவர்கள்தான்.

பணம் எங்கே போனது என்று பார்த்தால் இன்னொரு சோகம். 385,000 ரூபாவும் வெளிநாட்டுக்கு நேரே போகவில்லை. ஆறு உள்ளூர் வங்கிக் கணக்குகளுக்குப் போயிருக்கிறது. அப்படியான கணக்குகள் பெரும்பாலும் நம்மைப் போன்ற ஏழைகளின் பெயரில்தான் இருக்கும். "உன் கணக்கைக் கொஞ்ச நாள் தா, ஏ.டி.எம். கார்ட்டையும் சிம்மையும் தா, மாதம் இவ்வளவு தருகிறோம்" என்று கேட்பார்கள். இதுவும் "பார்ட் டைம் வேலை" என்ற பெயரில்தான் வருகிறது. இதை வேலை என்று எண்ணிக் கணக்கைக் கொடுத்தவரின் கதவைத்தான் பொலிஸ் முதலில் தட்டும். காசை எடுத்தவன் எந்த நாட்டில் இருக்கிறான் என்று யாருக்கும் தெரியாது, அடையாள அட்டை இலக்கமோ இங்கே இருக்கிறது. கொழும்பில் கடைகளிலும் வீடுகளிலும் வேலை செய்யும் நம் பிள்ளைகளிடம் இப்படிக் கேட்பதாகக் கேள்விப்படுகிறோம். பெற்றோர் இந்த ஒன்றை மட்டுமாவது பிள்ளைகளுக்குப் போன் பேசும்போது சொல்லுங்கள்: வங்கிப் புத்தகம், கார்ட், சிம், அடையாள அட்டை நான்கையும் வாடகைக்குக் கொடுப்பதில்லை.

இனி நம்மைப் பற்றியும் சொல்லவேண்டும். 2023இல் எம்.டி.எப்.இ. என்ற செயலி நாடு முழுவதும் பரவியது. டொலர் போட்டால் செயலி தானாகவே வியாபாரம் செய்து தினமும் இலாபம் தரும், ஆள் சேர்த்தால் மேலும் தரும் என்றார்கள். அந்த வருஷம் ஆகஸ்ட் மாதம் அது நின்றுபோனது. பலரின் கணக்கில் மீதிக்குப் பதில் கடன் காட்டியது. நமது சங்கத் தோட்டத் தலைவர் ஒருவரே பிரட்டுக்களத்தில் இதைப் பற்றிப் பேசி ஆட்களைச் சேர்த்தார். அவரும் தன் காசை இழந்தார் என்பது உண்மை. ஆனால் அவரை நம்பிச் சேர்ந்தவர்கள் செயலியை நம்பிச் சேரவில்லை, சங்கத்தை நம்பிச் சேர்ந்தார்கள். அப்போது நாம் இந்தப் பத்திரிகையில் ஒரு வரி எழுதவில்லை. பேர் கெட்டுவிடும் என்று இருந்துவிட்டோம். அன்று எழுதியிருந்தால் இந்த அம்மாவின் வீட்டில் யாராவது ஒருவர் வாசித்திருப்பார் என்ற நினைப்பு நம்மை விடவில்லை.

ஆள் சேர்த்தால் காசு என்ற திட்டம் சட்டப்படி குற்றம். 1988ஆம் ஆண்டின் 30ஆம் இலக்க வங்கித்தொழில் சட்டத்தின் 83இ பிரிவு பிரமிட் திட்டங்களைத் தடை செய்கிறது. நடத்துகிறவரை மட்டுமல்ல, விளம்பரம் செய்கிறவரையும் ஊக்குவிக்கிறவரையும் அது பிடிக்கும். "நானும் போட்டேன், நீயும் போடு" என்று பக்கத்துக் காம்பராவில் சொல்லுகிறவரும் மாட்டிக்கொள்ளலாம். தடை செய்யப்பட்டவற்றின் பெயர்களை மத்திய வங்கி வெளியிட்டிருக்கிறது, எம்.டி.எப்.இ. அதில் இருக்கிறது. ஆனால் பட்டியலில் இல்லாத பெயர் நல்ல பெயர் என்று அர்த்தமில்லை. பெயரை மாற்ற அவர்களுக்கு ஒரு மணி நேரம் போதும். இனிமேல் சங்கப் பொறுப்பில் உள்ள எவரும் காசு போடும் எந்தச் செயலிக்கும் ஆள் சேர்த்தால் பொறுப்பில் இருந்து நீக்கப்படுவார் என்று நிர்வாகக் குழு தீர்மானித்திருக்கிறது. சங்கச் சந்தாவுக்கு ரசீது கேட்கிற நம் மக்கள் (கேட்கத்தான் வேண்டும்) இதற்கும் நம்மைக் கணக்குக் கேட்கலாம்.

இன்னும் இரண்டைச் சுருக்கமாகச் சொல்கிறோம். பத்து நிமிஷத்தில் கடன் தரும் செயலிகள் போனில் உள்ள எல்லாருடைய நம்பரையும் எடுத்துக்கொண்டு, தவணை பிந்தினால் ஊருக்கெல்லாம் அழைத்து மானத்தை வாங்குகின்றன. இழந்த காசை மீட்க அந்தப் பக்கம் போகவேண்டாம். மற்றது, போனில் பழகிப்போன பிள்ளைக்குத் தாய்லாந்தில் கணினி வேலை என்று வரும் அழைப்பு. அப்படிப் போன இலங்கைப் பிள்ளைகள் மியன்மாரின் மியாவாடியில் உள்ள முகாம்களில் அடைக்கப்பட்டு, இதே மோசடிச் செய்திகளை மற்றவர்களுக்கு அனுப்பும் வேலையில் அடித்து அமர்த்தப்பட்டார்கள். அந்தப் பேரனுக்கு "தம்பி" என்று எழுதியவரும் அப்படி அடைபட்ட யாரோ ஒருவராக இருக்கலாம். வெளிநாட்டு வேலை என்று யார் சொன்னாலும் வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 இலக்கத்தில் கேட்டுவிட்டுப் பாஸ்போட்டைத் தொடுங்கள்.

காசு போய்விட்டது என்று தெரிந்தால், வெட்கப்பட்டு வீட்டுக்குள் இருப்பதுதான் மோசடிக்காரனுக்கு நாம் கொடுக்கும் அவகாசம். முதலில் உங்கள் வங்கிக்கு அழையுங்கள். பணம் போய்ச் சேர்ந்த கணக்கில் இன்னும் இருந்தால் நிறுத்தி வைக்க வழி உண்டு, ஆனால் அது மணிக்கணக்கு விஷயம். செய்திகளை அழிக்காதீர்கள், கோபத்தில் போனை உடைக்காதீர்கள். அந்த வட்ஸ்அப் உரையாடலும் வங்கிச் சீட்டும்தான் சாட்சி. கணினி அவசரத் தயார்நிலைக் குழுவின் இலக்கம் 101. மத்திய வங்கியில் நிதி நுகர்வோருக்கான இலக்கம் 1935. பொலிஸில் முறைப்பாடு எழுதும்போது தமிழில் எழுதக் கேளுங்கள். தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி, அரசியலமைப்பின் 4ஆம் அத்தியாயம் அதைச் சொல்கிறது. வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதிய வாக்குமூலத்தில் கையெழுத்து வைக்கவேண்டாம். அந்த அம்மாவை முதல் தடவை பொலிஸில் "நீங்களாத்தானே போட்டீங்க" என்று சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். இரண்டாம் தடவை நமது மாவட்டப் பிரதிநிதியும் மாதர் சங்கத் தலைவியும் கூடப் போனபோது முறைப்பாடு எழுதப்பட்டது. தமிழில். மூன்று மணி நேரம் காத்திருக்க வேண்டியிருந்தது.

நாம் அரசாங்கத்திடமும் கம்பனிகளிடமும் கேட்பது இதுதான். ஓய்வுபெறும் தொழிலாளிக்குச் சேமலாப நிதி கொடுக்கும் நாளிலேயே, அந்தப் பணத்தைத் தேடி யார் யார் வருவார்கள் என்று தமிழில் ஒரு தாள் கொடுங்கள். பெண்களுக்கு 50 வயதிலும் ஆண்களுக்கு 55 வயதிலும் வாழ்நாளில் ஒரே தடவை வரும் பணம் அது. மோசடிச் செய்திகள் தமிழில் வருகின்றன, எச்சரிக்கைகளோ பெரும்பாலும் பட்டணத்துப் பத்திரிகையில் வந்து அங்கேயே நின்றுவிடுகின்றன. போனில் உண்மையாகவே பிழைக்கும் வழியும் இருக்கிறது: தமிழ் தட்டச்சு, மொழிபெயர்ப்பு, கணக்கு வைப்பு. அதற்கு இங்கிலீஷும் கணினியும் கற்பிக்கும் ஆசிரியர் தோட்டப் பாடசாலையில் இருக்கவேண்டும். இருக்கிற தோட்டப் பாடசாலைகளில் எத்தனையில் கணினி அறை பூட்டியே கிடக்கிறது என்று பெற்றோருக்குத் தெரியும்.

அந்த அம்மாவின் முறைப்பாடு இப்போது விசாரணையில் இருக்கிறது. ஆறு கணக்குகளில் ஒன்றில் 22,000 ரூபா மட்டும் நிறுத்தி வைக்கப்பட்டிருப்பதாக வங்கி தெரிவித்தது. அதுவும் நீதிமன்றக் கட்டளை வந்தால்தான் கிடைக்கும். பேரன் பரீட்சை முடிவு வரும்வரை கொழும்புக்குக் கடை வேலைக்குப் போக நினைத்தான், அம்மாயி விடவில்லை. "காசுதான் போச்சு, நீ இரு" என்றாராம். அவனிடம் நாம் ஒரு வேலை கேட்டிருக்கிறோம். அடுத்த மாதச் சந்தா நாளில் நமது காரியாலயத்தில் உட்கார்ந்து, உங்கள் போனில் வந்திருக்கும் செய்திகளை வாசித்து எது எப்படிப்பட்டது என்று சொல்ல ஒப்புக்கொண்டிருக்கிறான். காலை ஒன்பது மணியில் இருந்து இருப்பான். போனைக் கொண்டுவாருங்கள். எதற்காவது ஏற்கெனவே காசு கட்டியிருந்தால், எவ்வளவு என்று அங்கே யாரும் சத்தமாகக் கேட்கமாட்டார்கள்.